தானும் செய்யாது, செய்பவனையும் விடாது

இருபது வருடத்துக்கு முன் செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். சதுரங்கப்பட்டினத்து டீ மாஸ்டர். எங்கள் இருவருக்கும் ஒரே பரம்பரை நோய்: சாப்பாட்டில் வரும் செம்பு உடம்பிலிருந்து வெளியேறாமல் ஈரலிலும் மூளையிலும் தேங்கிவிடும். அவருக்குக் கை நடுங்கும். "ஆத்தவே வாணாம் சார், கிளாஸப் புடிச்சாலே நுரை வந்துக்கினு கீது" என்பார். யார் எதைத் தின்றாலும் "இதுல செம்பு கீதா?" என்று விசாரிப்பார்.

என் தங்கைக்கும் அந்த நோய் இருக்கலாம் என்று பரிசோதனைக்கு அழைத்து வந்திருந்தேன். அவள் பயந்து டாக்டர் அறை வாசலிலேயே நின்றாள்.

உள்ளே அவர் டாக்டரைக் கேட்டார்: "எனக்கும் எங்க அண்ணனுக்கும் ஒரே ஜீன் கோளாறுன்றீங்க. நான் ஆடறேன், அவன் கல்லு மாரி கீறான். இன்னா கணக்கு?"

"ஜீன்லேர்ந்து வர்ற சில ஆர்.என்.ஏ. புரதம் செய்யாது. ஆனா புரதம் செய்யப் போற ஆர்.என்.ஏ.வைத் தடுக்கும். அது ஆளுக்கு ஆள் மாறும். அதுவும் காரணமா இருக்கலாம், ஆராய்ச்சி நடக்குது."

"தானும் செய்யாது, செய்றவனையும் வுடாது. எங்க ஓனரு மச்சான் சார் அது!"

வாசலில் தங்கை சிரித்துவிட்டாள். அவர் திரும்பினார்.

"சிரிக்கிறியே, உள்ள வாம்மா. எனக்கு லேட்டாத்தான் தெரிஞ்சுது. ஒனக்கு இப்பவே தெரிஞ்சா மாத்திரையோட போயிடும்."

அவள் வந்து உட்கார்ந்தாள். நோய் அவளுக்கும் இருந்தது. அறிகுறி வருமுன்னே மாத்திரை தொடங்கியதால் நன்றாக இருக்கிறாள்.

பிறகு சதுரங்கப்பட்டினம் டீக்கடைகளில் அவரைத் தேடினோம். பெயர் தெரியாது. கை நடுங்குபவர் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "ரொம்பச் சிரிக்க வைப்பாரே, அவர் இருக்காரா?" என்றுதான் கடை கடையாகக் கேட்டாள்.