கயிறு பிடித்தவர்

பர்மாவிலிருந்து திரும்பி வந்த நாச்சிமுத்துவுக்குக் கிணறு என்றால் பயம். ரெட்டியார்சத்திரத்துக்குத் தெற்கே இருந்த அந்தச் சின்ன ஊரில், அவர் வந்த வாரத்திலேயே இது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. தெரியாமல் எப்படி இருக்கும்? அங்கே தோட்டத்துக்கு ஒரு கிணறு. நடக்கப் பழகிய பிள்ளை அடுத்ததாக நீந்தத்தான் பழகும். ஆண்கள் கிணற்றுச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்படிகளில் வெற்றிலை மென்றபடியே இறங்கி ஏறுவார்கள். நாச்சிமுத்துவோ கிணற்று மேட்டுக்குக் கீழேயே நின்றுவிடுவார். அவர் மனைவி சுந்தரம்மாள் தண்ணீர் சேந்தி வந்து வேலியோரம் வைப்பாள். அங்கே நின்று குளிப்பார்.

"பர்மாவுல ராசாவா இருந்திருப்பாரு போல. பொண்டாட்டி தண்ணி சொமந்தாந்து குளிப்பாட்டணும்" என்பான் பக்கத்துத் தோட்டத்துச் சடையாண்டி. எல்லோரும் சிரிப்பார்கள். நாச்சிமுத்துவும் சேர்ந்து சிரிப்பார். ஒரு தகரப்பெட்டியோடு கப்பலில் வந்து இறங்கியவன் கோபப்பட்டால் எங்கே போவான்?

அவருடைய அப்பா பஞ்ச காலத்தில் இந்த ஊரை விட்டுப் போனவர். நாச்சிமுத்து பிறந்ததே பர்மாவில்தான். அறுபத்து நாலில் அங்கே இருந்த இந்தியர்கள் கப்பல் கப்பலாகக் கிளம்பியபோது, "உனக்கு எந்த ஊர்?" என்று அகதி முகாமில் கேட்டார்கள். தான் பார்த்தே இராத ஊரின் பெயரைச் சொன்னார். திண்டுக்கல் ரயிலடியில் அவர்களை அழைத்துப் போக ஒரே ஒரு ஆள்தான் வந்திருந்தான். சித்தப்பா மகன் கண்ணுசாமி. வண்டி கட்டிக்கொண்டு வந்து, பெட்டியைத் தூக்கி வைத்து, "அண்ணே, ஏறுங்க. நம்ம ஊருக்குப் போவோம்" என்றான். தன் மாட்டுக்கொட்டகையில் பாதியைத் தடுத்து வெள்ளையடித்துக் கொடுத்தான். பேசும்போது அவன் 'நம்ம' என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கும். அந்த ஒரு சொல்லைத் தவிர ஊரில் அவருக்கு வேறு பிடிமானம் கிடையாது.

மறு வருஷம் மழை பொய்த்தது. கண்ணுசாமி கடனுக்கு ஓர் ஆயில் இஞ்சின் வாங்கியிருந்தான். சின்ன வெங்காயம் காய் பெருக்கும் சமயம். கிணற்றில் தண்ணீர் ஆழத்துக்குப் போய்விட்டது. மேட்டில் நின்ற இஞ்சினால் அவ்வளவு ஆழத்திலிருந்து உறிஞ்ச முடியவில்லை. கண்ணுசாமி யோசித்துப் பார்த்துவிட்டு, கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் இருந்த பாறைத் திட்டின்மேல் பனஞ்சட்டங்களைப் பரப்பி, இஞ்சினையே உள்ளே இறக்கிவிட்டான். அந்தப் பக்கத்தில் அதுவரை யாரும் செய்யாத வேலை. ஊரே வந்து பார்த்தது.

நாச்சிமுத்து மேட்டுக்குக் கீழே நின்றபடி கேட்டார்: "தம்பி, அந்த இஞ்சின் பொகை எங்கிட்டுப் போகும்?"

"பொகை மேலதாண்ணே போகும். அடுப்புப் பொகை கூரைக்குத்தான போகுது?"

"இல்ல தம்பி, பர்மாவுல..."

அவ்வளவுதான். சடையாண்டி பிடித்துக்கொண்டான். "ஏலே, கேட்டுக்கங்க! பர்மாவுல பொகை கீழ போகுமாம்ல! அங்க கோழி முட்டையிடாதாம், முட்டைதான் கோழி போடுமாம்!"

சிரிப்பு கிணற்றுக்குள் போய் எதிரொலித்துத் திரும்பியது. கண்ணுசாமிகூட உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். நாச்சிமுத்து வேலியோரம் விலகிப் போனார். பேசினாலும் என்ன சொல்லியிருப்பார்? அவர் படித்தவர் அல்ல. புகை மேலே போகுமா கீழே போகுமா என்று அவருக்கே நிச்சயம் இல்லை. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கயிறு.

பர்மாவில் ஏனாஞ்சாங் என்ற ஊரில் பூமிக்குள்ளிருந்து எண்ணெய் எடுக்கும் கிணறுகள் உண்டு. பெரிய கம்பெனிக்காரர்கள் இஞ்சின் வைத்துத் துளை போட்டார்கள் என்றால், பக்கத்திலேயே பர்மியர்கள் பழைய முறைப்படி கையால் கிணறு தோண்டினார்கள். உள்ளே கெட்ட காற்று. இறங்குகிறவனால் கொஞ்ச நேரத்துக்கு மேல் தாங்க முடியாது. அக்குளுக்கடியில் கயிறு கட்டித்தான் இறங்குவான். மேலே ஒருவன் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, விட்டு விட்டு ஒரு சுண்டு சுண்டுவான். கீழே இருப்பவன் பதிலுக்குச் சுண்ட வேண்டும். பதில் வராவிட்டால் உடனே இழுத்துவிட வேண்டும். நாச்சிமுத்து வாலிபத்திலிருந்து பார்த்த வேலை அதுதான். கிணற்றில் இறங்கியதே கிடையாது. கயிறு பிடிப்பவர்.

அப்படி இறங்குகிறவர்களில் 'கோ தான்' என்ற பெயருடைய ஒரு பர்மியன். நல்ல சிரிப்புக்காரன். ஒரு நாள் கயிறு பதில் சொல்லவில்லை. 'களைத்துப் போய் நிற்கிறான், செத்த நேரம் பொறுப்போம்' என்று நாச்சிமுத்து பொறுத்தார். பொறுத்ததுதான் தப்பு. இழுத்தபோது கனமாக வந்தது. உயிரோடு இருப்பவன் அப்படிக் கனப்பதில்லை. அன்றிலிருந்துதான் கிணற்று வாயைக் கண்டால் அவருக்கு உள்ளங்கை வேர்க்கும்.

இஞ்சின் கிணற்றுக்குள் இறங்கியதும் வேர்த்ததே, அது அறிவா, வெறும் பயமா? அவர் தன்னையே கேட்டுக்கொண்டு பார்த்தார். பயந்தவன் சொல்லும் எச்சரிக்கையை ஊர் எதற்காகக் கேட்க வேண்டும்? எண்ணெய்க் கிணற்றுக்கும் வெங்காயக் கிணற்றுக்கும் என்ன சம்பந்தம்?  சுந்தரம்மாளிடம் மட்டும் சொன்னார்.

"பேசாம இருங்க" என்றாள் அவள். "இருக்குறது ஒரு கொட்டாய். அதையும் வாயால கெடுத்துறாதீங்க."

மறுநாள் காலையில் இஞ்சின் ஓடியது. கிணறே பேசுவதுபோல 'டப் டப்' என்று சத்தம். வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது கண்ணுசாமியின் மனைவி சோலையம்மாள் குலவையிட்டாள். தண்ணீர் வெங்காயப் பாத்திகளுக்குள் ஓடிப் பரவுவதைப் பார்த்து நாச்சிமுத்துவுக்கும் நெஞ்சுப் பாரம் இறங்கியது. 'நல்லவேளை, நான் ஒரு கோழை மட்டும்தான்' என்று நினைத்துக்கொண்டார். மடை திருப்பக் குனிந்தார்.

உச்சி நேரத்தில் இஞ்சின் நின்றது. எண்ணெய் தீர்ந்திருக்கும். கண்ணுசாமி கடைசிப் பாத்தியில் இருந்தான். சடையாண்டி ஆயில் டின்னைத் தூக்கிக்கொண்டு, "நீ இரு மாப்ள, நான் ஊத்திட்டு வாரேன்" என்று இறங்கினான். பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கினான். பாட்டு பாதியில் நின்றது. பிறகு டின் எங்கோ மோதி உருண்டு தண்ணீரில் விழுந்த சத்தம்.

"என்ன மாமா, டின்னைப் போட்டுட்டியா?" என்று கண்ணுசாமி மேட்டுக்கு வந்து சிரித்தான். பதில் இல்லை. எட்டிப் பார்த்தான். சடையாண்டி பனஞ்சட்டத்தின்மேல் குப்புறக் கிடந்தான். ஒரு கை வெளியே தொங்கியது.

"மயங்கிட்டான்!" கண்ணுசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தான்.

நாச்சிமுத்து எப்போது ஓடினார், கிணற்று மேட்டில் எப்போது ஏறினார் என்பது அவருக்கே தெரியாது. கண்ணுசாமியின் இடுப்பைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து மண்ணில் சாய்த்தார். இருவரும் உருண்டார்கள்.

"அண்ணே, விடு! விடுண்ணே!"

"மாட்டேன்."

"உனக்குப் பயமா இருந்தா நீ ஓடிப் போ! அங்க கெடக்குறது உசுருண்ணே!"

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துத் தோட்டத்தார் ஓடி வந்துவிட்டார்கள். "கேலி பண்ணுனான்ல, அதான் சாகட்டும்னு பாக்குறான்" என்று ஒரு குரல். சோலையம்மாள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, விட்ருங்க, ஊரு காறித் துப்பும் மாமா!" வந்தவர்களில் இன்னொருவன் படியை நோக்கி ஓடினான். நாச்சிமுத்து அவன் காலையும் ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"எறங்குனா அவன்மேலயே நீயும் விழுவ. உன்னை எடுக்க இன்னொருத்தன் எறங்குவான். அவனும் விழுவான்" என்று கத்தினார். அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "வடக்கயிறு ரெண்டு கொண்டாங்க. வேப்பங்கொப்பு ஒடிங்க. நெறைய ஒடிங்க!"

அந்தக் குரலில் என்னவோ இருந்தது. அதிகாரம் இல்லை. அழுகைக்குப் பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒன்று. வேப்பங்கிளைகளை ஒரு கட்டாகக் கட்டி, கயிற்றில் விட்டு, கிணற்றுக்குள் மேலும் கீழுமாக வேகமாக அடிக்கச் சொன்னார். கெட்ட காற்றைக் கலைக்க ஏனாஞ்சாங்கில் மூங்கில் தழையைக் கட்டி அப்படித்தான் அடிப்பார்கள். நான்கு பேர் அடித்தார்கள். இலை உதிர்ந்து சடையாண்டியின் முதுகில் விழுந்தது. அவன் அசையவில்லை.

இப்போது ஒருவர் இறங்க வேண்டும். நாச்சிமுத்து தான் இறங்கிவிடலாமா என்று பார்த்தார். அது சுலபம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவர் இறங்கினால் மேலே கயிறு பிடிப்பது யார்? பதில் வராத கயிறு எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் வேறு யாருக்குத் தெரியும்?

"நான்தான் போறேன்" என்றான் கண்ணுசாமி.

"அப்ப கட்டிக்க."

"கயிறு கட்டிக்கிட்டு எறங்குறதா? பொட்டப்பய மாதிரியா?"

"கட்டிக்க தம்பி."  நாச்சிமுத்து அவன் அக்குளுக்கடியில் வடத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டார். "மூச்சை இழுத்துப் புடிச்சுட்டுப் போ. அவன் கக்கத்துல இன்னொரு கயித்தைக் கட்டு, வேற ஒண்ணும் செய்யாத. நான் சுண்டுவேன். நீ பதிலுக்குச் சுண்டணும். சுண்டலைன்னா தூக்கிப்புடுவேன்."

கண்ணுசாமி இறங்கினான். நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். கிணற்றைப் பார்க்கவில்லை. கயிறு மட்டும் உள்ளங்கையில் ஓடியது. நின்றது. சுண்டினார். பதில் வந்தது. இன்னொரு முறை சுண்டினார். வந்தது. ரங்கூன் துறையில் விட்டுவந்த பொருளுக்கெல்லாம் அவர் அழுததில்லை; கயிற்றில் வந்த இந்தப் பதிலுக்குக் கண்ணீர் வழிந்தது. சுண்டினார். பதில் இல்லை.

"இழுங்க!"

"அட இருங்கய்யா, கட்டிக்கிட்டு இருக்கான்! பாருங்க, முடிச்சுப் போடுறான்!" என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவன் கத்தினான்.

செத்த நேரம் பொறுப்போம் என்று அவருக்குள்ளும் ஒரு குரல் சொல்லிற்று. அதே குரல். நாச்சிமுத்து காலை மண்ணில் ஊன்றிப் பின்னால் சாய்ந்து தனியாகவே இழுத்தார். பிறகு மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். கயிறு கனமாகத்தான் வந்தது. அந்தக் கனம் தெரிந்ததும் அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மனிதச் சத்தம்போல இல்லை அது.

கண்ணுசாமி மேட்டில் வந்து விழுந்தான். முகம் கறுத்திருந்தது. கண்கள் செருகியிருந்தன. சோலையம்மாள் அவன் மார்பில் அடித்தாள். நாச்சிமுத்து அவன் பக்கம் திரும்பவில்லை. கயிற்றை விடாமல் நின்றுகொண்டிருந்தார். திரும்பினால் தெரிந்துவிடும். பின்னால் ஓர் இருமல் கேட்டது. இன்னொரு இருமல். பிறகு வாந்தியெடுக்கும் சத்தம். பிறகு, "எதுக்குண்ணே... அதுக்குள்ள... தூக்குன? கட்டிட்டேன்ல..." என்று திணறிக்கொண்டே ஒரு கோபம்.

சடையாண்டியை இரண்டாவது கயிற்றில் இழுத்தார்கள். மூச்சு இழையாக இருந்தது. கட்டிலில் வைத்துத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பிழைத்துக்கொண்டான். ஆனால் வெகு நாள் வரை பேச்சு தடுமாறியது. ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டு வாயைத் திறந்தபடி நிற்பான். அவனுக்காகக் காத்திருக்கையில் யாரும் சிரிக்கவில்லை.

எல்லோரும் போன பிறகும் நாச்சிமுத்துவின் விரல்கள் கயிற்றிலிருந்து விரியவில்லை. சுந்தரம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விரித்துவிட்டாள். "பேசாம இருங்கன்னு நான்தான சொன்னேன்" என்றாள். 

இஞ்சினை மேலே தூக்கிவிட வேண்டும் என்றார்கள் சிலர். தூக்கினால் வெங்காயம் காய்ந்துவிடும். நாச்சிமுத்து திண்டுக்கல்லில் இருக்கும் பேகம்பூருக்கு நடந்தார். அவரோடு ஒரே கப்பலில் வந்த கிதர் முகம்மது அங்கே ஒரு தகரப் பட்டறை போட்டிருந்தார். பர்மாவில் அரிசி ஆலையில் புகைக்குழாய் அடித்தவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஏன்யா, இதை முன்னாடியே வந்து சொல்லக் கூடாதா?" என்றார். "சொன்னேன் பாய், சிரிச்சாங்க." "எங்கிட்ட சொன்னியா?" நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். ஊரார் கேட்கவில்லை என்பது உண்மை. கேட்கக்கூடியவரிடம் இவர் போகவில்லை என்பதும் உண்மை. கிதர் முகம்மது இஞ்சினின் புகை வாயிலிருந்து கிணற்று மேடுவரை நீளும் தகரக் குழாய் ஒன்று அடித்துக் கொடுத்தார். அதன் பிறகு அந்தக் கிணற்றுப் புகை வெளியே, காற்றோடு போயிற்று.

பட்டறைக்குக் குழாய் கேட்டு வேறு ஊர்க்காரர்களும் வந்தார்கள். குழாயோடு ஓர் ஆளையும் கேட்டார்கள். முகாமிலிருந்து வந்து கூலிக்கு அலைந்துகொண்டிருந்த பர்மாக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்தார்கள். கிணறு தூர் வாருவது, இஞ்சின் இறக்குவது, குழாய் பொருத்துவது அவர்கள் வேலை. கயிறு பிடிப்பது நாச்சிமுத்து. பயம் அவரை விட்டுப் போகவில்லை. ஆள் வந்து கூப்பிடும்போதெல்லாம் சோறு இறங்காது. இருந்தாலும் வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு போவார்.

ஒருமுறை ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு தோட்டத்தில், இறங்க வேண்டிய வாலிபன் கயிற்றைப் பார்த்து மீசையைத் தடவினான். "எங்க ஊர்ல இதெல்லாம் வழக்கமில்லீங்க."

நாச்சிமுத்து வடத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தார். உண்மையில் அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு புளியமரத்தடியில் நின்றார். தோட்டக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஏனுங்க, நில்லுங்க! கட்டிக்கறானுங்க. அவங்கம்மா வந்து வெச்ச வசவுல கட்டிக்கறேன்னுட்டானுங்க."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார். நாச்சிமுத்து ஒரு கணம் படியைப் பார்த்தார். பிறகு, "நீங்க போங்க" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு, வேர்த்த உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு கிணற்றை நோக்கி நடந்தார்.