மூடாமல் வைத்த ஒரு ஜாண்

என் நாத்தனாருக்குத் தைக்க வராது. கபாலி கோயில் வாசலில் சூடம் அணைத்துக்கூடச் சொல்லத் தயார். ஆனால் தொண்ணூறுகளில் எங்கள் சொந்தக்காரர்களுக்கு ஒட்டுத்துணிப் போர்வை என்றால் அவர் பேர்தான் வாயில் வரும்.

அவர் என் கணவரின் அக்கா. வீடு அடையாறில். தி. நகர் தையற்கடைகளில் வெட்டுத்துணிகளை மூட்டை மூட்டையாக வாங்கிவந்து, நட்சத்திரம், மாங்காய், சதுரங்கக் கட்டம் என்று பசை தடவி அழகழகாக ஒட்டுவார். அந்தக் கண் அவருக்கு உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஒட்டிய மேல்துணியை ஒரு கட்டைப்பையில் சுருட்டிக்கொண்டு மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்.

"இந்தா, இதைக் கொஞ்சம் முடிச்சுக் குடு."

கொஞ்சமாம்! கூடத்து நாற்காலிகளையெல்லாம் ஒதுக்கி, தரையில் அடித்துணியை விரித்து, நடுவில் பழைய கம்பளியோ பஞ்சோ பரப்பி, மேலே அவருடைய சித்திரத்தைப் போட்டு, சுருக்கம் விழாமல் முட்டிபோட்டுத் தடவித் தடவி மூன்றையும் சேர்த்து நூலோட்ட வேண்டும். பிறகு மெஷினில் தைத்து, நான்கு பக்கமும் பட்டி கட்டி மூடவேண்டும். முடிக்காத போர்வை வெறும் துணிக்குவியல். முட்டி தேய்ந்தது எனக்கு. கல்யாண வீட்டில் அதை விரித்துக் காட்டும்போது, "அக்கா கைவேலைன்னா சும்மாவா!" என்பார்கள். பக்கத்தில் நான் நிற்பேன். யாராவது பாவப்பட்டு, "நீயும் ஒத்தாசை பண்ணினியாமே?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நந்தனத்திலிருந்து ஒரு டீச்சரம்மா தன் போர்வையை முடிக்க என்னைத் தேடி வந்தபோது குளிர்ந்துபோனேன். உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "உங்க நாத்தனார் வீட்ல பார்த்தேன், அசந்துட்டேன்."

இந்த நிலைமையில் எனக்குக் குழந்தை உண்டானது. அதற்கான போர்வை மட்டும் தொடக்கம் முதல் கடைசி வரை என் கையால்தான் என்று முடிவு கட்டினேன். நாத்தனார் வழக்கம்போலப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இது ஒண்ணை நானே பண்ணிக்கறேங்க்கா" என்றேன்.

முகம் சுருங்கிவிட்டது. "பண்ணு, பண்ணு. யாரு வேணாங்கறா" என்று காபியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். சந்தோஷத்தில் எனக்கு அன்று இரண்டு தோசை கூடுதலாக இறங்கியது.

அடித்துணிக்கு, இறந்துபோன என் அம்மாவின் சுங்குடிப் புடவை. துவைத்துத் துவைத்து வெண்ணெயாக இருந்தது. பிறக்காத பிள்ளைக்கு எதையும் முடித்துவைக்கக் கூடாது என்பது என் பிறந்த வீட்டு வழக்கம். அதனால் போர்வையின் ஒரு மூலையில் ஒரு ஜாண் அளவுக்குப் பட்டியை மூடாமல் விடுவோம். குழந்தை பிறந்த பிறகு பெற்றவள்தான் தன் கையால் அதை மூட வேண்டும். நானும் அப்படியே விட்டு, நூல் கோத்த ஊசியை அந்த இடத்திலேயே குத்திவைத்தேன். அம்மா இல்லாததால் பிரசவத்துக்கு இருந்ததும் புகுந்த வீட்டில்தான். வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுகூட அந்த ஊசியை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினேன்.

பெண் குழந்தை. வீட்டுக்கு வந்தபோது நாத்தனார்தான் ஆரத்தி எடுத்தார். குழந்தையை வாங்கிக்கொண்டு போய் என் போர்வையில் கிடத்தினார்.

"பாவம், வலி வந்து பாதியிலேயே விட்டுட்டுப் போயிட்டே. ஊசிகூட அப்படியே தொங்கிட்டு இருந்துச்சு. பொண்ணு பொறந்துட்டான்னு போன் வந்ததும் நானே உக்காந்து மூடிட்டேன்."

குனிந்து பார்த்தேன். என் நூலை உருவிப் போட்டுவிட்டு, பூக்கட்டும் நூல் மாதிரி தடியான ஒன்றை இரட்டையாகக் கோத்து, வண்டி மாடு போன வழியாகக் கோணல்மாணலாக ஒரு தையல். கடைசியில் சுண்டைக்காய் மாதிரி ஒரு முடிச்சு. ஆயுசில் ஒரு போர்வையை முடிக்காதவர், என் போர்வையை முடித்திருக்கிறார்! அதுவும் குழந்தை பிறந்த பிறகு. பெற்றவள்தான் மூட வேண்டும் என்று சண்டை போடலாம் என்றால், அந்த வழக்கத்தை நான் அவரிடம் சொல்லியே இருக்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. "பார்த்தியாக்கா, உன் பாசத்தை நெனச்சு அழறா" என்றார் என் கணவர். அவரைக் கிள்ளலாம் போலிருந்தது.

அன்றைக்கே பிரித்திருப்பேன். ஆனால் நாத்தனார் தினமும் வந்து அந்த மூலையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போனதில் குழந்தை நடக்கவே ஆரம்பித்துவிட்டது.

ஒருநாள் துவைத்துக் காயவைத்த கையோடு பிரித்தேன். அந்த முடிச்சை வெட்டி எறிந்ததில் இருந்த சுகம் இருக்கிறதே! ஒரு ஜாணையும் மணிமணியாகத் தைத்தேன். எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று எனக்கே தெரியவில்லை.

மத்தியானம் குழந்தையைத் தூங்கப் போட்டேன். அது போர்வையின் ஒரு மூலையைப் பிடித்தது, விட்டது. அடுத்த மூலையைப் பிடித்தது. நாலு மூலையும் பார்த்துவிட்டு வீறிட்டது பாருங்கள், பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். தினமும் அது கட்டைவிரலால் அந்த முடிச்சை நெருடிக்கொண்டேதான் தூங்கியிருக்கிறது. நான் கவனித்திருந்தால்தானே? முடிச்சு போட்டுக் கொடுத்தேன், தள்ளிவிட்டது. பிரித்துவிட்டுக் கோணலாகத் தைத்துப் பார்த்தேன். என் பாழாய்ப்போன கை நேராகவே போனது. சாயங்காலம் வரை அழுது குழந்தைக்குத் தொண்டை கட்டிவிட்டது.

வேறு வழியில்லாமல் அடையாறுக்குப் போன் செய்தேன். நாத்தனார் ஆட்டோ பிடித்து ஓடிவந்தார். அவருக்குக் கிட்டப் பார்வை மங்கல். ஊசியில் நூலைக்கூட நான்தான் கோத்துக் கொடுத்தேன். கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, அதே கோணல், அதே சுண்டைக்காய். குழந்தை தத்தித் தத்திப் போய் அந்த மூலையைப் பிடித்தது. நெருடியது. விக்கிக்கொண்டே அவர் மடியில் தூங்கிவிட்டது.

"எப்படிப் பிரிஞ்சுது?" என்றார் நாத்தனார்.

"தண்ணியில அலசினதுல விட்டுருச்சுக்கா."

"அதுக்கு நான் எதுக்கு? ஒரு ஜாண் நீயே தைச்சிருக்கக் கூடாதா?"

"எனக்கு உங்களை மாதிரி வரலைக்கா."

உண்மையைத்தான் சொன்னேன். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வெட்கப்பட்டுச் சிரித்தார். நான் விருட்டென்று சமையலறைக்குப் போனேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால் ஒரு பாத்திரத்தைக்கூட ஓசைப்படக் கீழே வைக்க முடியவில்லை.