மனுவலா ஓட்டோவா: கரவனோடு டொவ்ர மலையேற்றம்

வெள்ளிக்கிழமை காலை 6.10. ஒஸ்லோவில், ரொம்மனில் எங்கள் தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடத்திலிருந்து புறப்பட்டேன். போக வேண்டிய இடம் ட்ரொண்ட்ஹெய்ம். ஏறக்குறைய 525 கிலோமீட்டர். காருக்குப் பின்னால் கரவன் பூட்டியிருந்தது. கரவன் என்பது காரால் இழுத்துச் செல்லும் சின்ன வீடு. கட்டில், காஸ் அடுப்பு, மேசை, இரண்டு யன்னல் எல்லாம் இருக்கும். இயந்திரம் மட்டும் கிடையாது. நிறைந்த எடை 1200 கிலோ. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். காரின் பதிவு அட்டையில் உள்ள எடைகளைக் கூட்டி, என் லைசன்ஸுக்கு அது அடங்குமா என்று உறுதிப்படுத்திக்கொள்ளவே எனக்கு இரண்டு மாலைகள் பிடித்தன.

ட்ரொண்ட்ஹெய்மில் என் மகள் ஆரணி இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை. நானும் அவளுடைய அம்மாவும் பிரிந்து ஆறு வருடமாகிறது. ஆரணி எய்ரிக் என்ற நொர்வேஜியப் பையனோடு ஒரு சிறிய வீட்டில் வசிக்கிறாள். தச்சு வேலை செய்பவன், நல்ல பிள்ளை. போன வருடம் அங்கே இரண்டு நாள் தங்கினேன். காலையில் அவர்கள் எழும்பும் முன் குளித்துவிட வேண்டும், சத்தம் போடாமல் கோப்பை கழுவ வேண்டும் என்று யோசித்து யோசித்து எனக்கு நித்திரையே இல்லை. திரும்பி வந்து வாங்கியதுதான் இந்தக் கரவன். ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லாமல் பக்கத்தில் இருந்துவிட்டு வரலாம்.

இந்தப் பயணத்தில் எனக்கு ஒரு கேள்விக்கு விடை காண வேண்டியிருந்தது. என் கார் பதினாறு வருடப் பழசு. கரவன் இழுக்க வேறு கார் வேண்டும். எல்லிங்ஸ்ருட்டில் பழைய கார் வாங்கி விற்கும் யோகன் எனக்காக இரண்டு டீசல் கார்களைக் காட்டியிருந்தான். ஒரே வருடம், ஒரே நிறம், இரண்டுக்கும் பின்னால் கரவன் பூட்டும் கொளுவி உண்டு. ஒன்று கையால் கியர் மாற்றும் மனுவல். மற்றது தானே மாற்றிக்கொள்ளும் ஓட்டோ. மின்சாரக் கார் எனக்குச் சரிவராது. சார்ஜ் போடும் பல இடங்களில் கரவனைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். பின்னால் வரிசை நிற்க நான் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பதை நினைக்கவே வியர்க்கும்.

யோகன் மனுவல் கட்சி. கரவனைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்த அன்று, சக்கரங்களுக்குக் கீழே தேசிக்காய் வைத்தபடியே சொன்னான்.

“இழுக்கிறதெண்டால் மனுவல்தான் அண்ணை. இறக்கத்தில மூண்டில போட்டால் மூண்டிலயே நிக்கும். ஓட்டோ தன்ர பாட்டுக்கு மாத்தும். பழுதாப் போனால் கியர்ப் பெட்டி முழுக்க மாத்தோணும்.” பிறகு குனிந்து எண்ணினான். “காருக்கு நாலு, கரவனுக்கு ரெண்டு. அது பாவம், இழுத்தாத்தானே ஓடும்.”

அவன் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. ஊரில் உழவு இயந்திரப் பெட்டியில் வெங்காயம் ஏற்றி ஓடியவன் நான். கியர் கையில் இருந்தால்தான் பாரம் கையில் இருப்பது போலத் தெரியும். ஆனால் ஆரணியின் லைசன்ஸ் ஓட்டோவுக்கு மட்டும் உரியது. இந்த நாட்டில் ஓட்டோவில் ஓடிக் காட்டிச் சித்தியெய்தினால் மனுவல் தொடக்கூடாது. கரவன் வாங்கிய செய்தியைத் தொலைபேசியில் சொன்னபோது அவள், “யூலையில வடக்கை போவமே அப்பா? ஓட்டோ எண்டால் நானும் பாதி ஓடுவன்” என்றாள். சிரித்துக்கொண்டு சொன்னாள். உண்மையாகச் சொன்னாளா, பேச்சுக்குச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பக் கேட்கக் கூச்சம். திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று யோகன் சொல்லியிருந்தான்.

காலை 8.05. ஹாமார். 115 கிலோமீட்டர். கரவனோடு மணிக்கு 80க்கு மேல் ஓடக்கூடாது. இடது பக்கம் மியோசா ஏரி கூடவே வந்தது. தண்ணீரில் ஒரு வள்ளமும் இல்லை. டீசல் லீற்றர் 19 குரோனர் 80. ஒரு கோப்பி 39 குரோனர். நான் பிளாஸ்கில் தேநீர் கொண்டுபோயிருந்தேன்.

10.20. ரிங்கபுவுக்கு அருகே தரிப்பிடம் ஒன்றில் புட்டும் முட்டைப் பொரியலும் சாப்பிட்டேன். என் கரவனைப்போல் ஒன்றரை மடங்கு நீளமான ஒன்றோடு நின்ற முதியவர் வந்து வணக்கம் சொன்னார். பக்கத்துக் கதிரையில் அவருடைய மனைவி பின்னிக்கொண்டிருந்தார். அவரிடம் ஓட்டோ. முழங்கால் நோவால் மாறினாராம். ஏற்றத்தில் எடுக்கும்போது கிளச் இல்லாதது பெரிய சுகம் என்றார். தனியாகவா பயணம் என்று கேட்டார். ஆம் என்றேன். நல்ல அமைதி என்றார். நன்றி என்றேன்.

12.30. டொம்போஸ். 330 கிலோமீட்டர். இங்கிருந்து வீதி டொவ்ர மலைமேட்டுக்கு ஏறுகிறது. வளைந்து வளைந்து ஏற்றம். இரண்டு கரையும் பைன் மரம். யூன் தொடங்கியும் மேலே வெள்ளை வெள்ளையாகப் பனி தெரிந்தது. மூன்றாம் கியரில் 50இல் ஏறினேன். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் இரண்டு கார். முதல் ஒதுங்கிடத்தில் விலகி வழிவிட்டேன். கைகாட்டிவிட்டுப் போனார்கள். வீதி காலியானதும் எடுத்தேன். அரைக் கிலோமீட்டர் போகவில்லை, பின்னால் ஒரு கார். அடுத்த ஒதுங்கிடத்திலும் விலகினேன். இடைவெளி கிடைத்த உடனே புறப்பட வேண்டும் என்று பாதிக் கிளச்சில் காரைப் பிடித்தபடி நின்றேன். இப்படி ஐந்து முறை. ஒருமுறை பின்னால் வந்தது ஒரே ஒரு மோட்டார் சைக்கிள்.

ஐந்தாம் முறை எடுத்தபோது ரப்பர் தீய்ந்ததுபோல் மணம் வந்தது. இயந்திரம் உறுமியது, கார் நகரவில்லை. எல்லாக் கியரிலும் போட்டுப் பார்த்தேன். அதே இடத்தில் நின்றது.

காப்புறுதிக்குத் தொலைபேசி எடுத்தேன். மீட்பு வண்டி வர ஒன்றேகால் மணித்தியாலம் ஆகியது. அதுவரை கரவனுக்குள் கட்டிலில் இருந்தேன். ஒவ்வொரு கார் கடந்து போகும்போதும் கரவன் சிறிதாக ஆடியது.

மீட்பு வண்டிக்காரர் என் வயது. முன்பக்கம் குனிந்து மணந்து பார்த்து, கிளச் முடிந்தது என்றார். எத்தனை தரம் நிறுத்தி எடுத்தாய் என்று கேட்டார். சொன்னேன். ஒரு மோட்டார் சைக்கிளுக்குமா என்றார். ஆம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. பாரத்தோடு ஏற்றத்தில் ஒவ்வொரு எடுப்பும் கிளச்சைத் தின்னும். ஓடிக்கொண்டே இருந்திருந்தால் இந்தப் பழைய கிளச்சும் மேலே போயிருக்கும் என்றார். நீண்ட வரிசை சேர்ந்தால் வழி விடு, அதுவரை அவர்கள் பொறுக்கட்டும் என்றார். மனுவல் நல்லதா ஓட்டோ நல்லதா என்று அவரிடமும் கேட்டேன். எப்படி ஓடுகிறவன் என்பதைப் பொறுத்தது என்றார். உன்னைப்போல நிறுத்துகிறவனுக்கு ஓட்டோ என்றார்.

மாலை 4.40. கார் டொம்போஸில், வாகனம் திருத்தும் வேலைத்தலத்தில். கரவன் அங்கேயே ஒரு முகாமிடத்தில். மின்சாரத்தோடு ஓர் இரவுக்கு 360 குரோனர். ஆறு மணிக்கு ஆரணி அழைத்தாள்.

“அப்பா, இப்ப எங்கை நிக்கிறியள்?”

“வந்துகொண்டிருக்கிறன்.”

“கார்ச் சத்தம் கேக்கேல்லை.”

“சாப்பிட நிண்டனான்.”

“எங்கை நிண்டு?”

டொம்போஸ் என்றேன். அதற்கு மேல் பொய் சொல்ல வரவில்லை. முழுவதையும் சொன்னேன். வர வேண்டாம், கார் சரியாகும்வரை இங்கேயே இருந்துவிட்டுத் திரும்பிப் போகிறேன் என்றும் சொன்னேன். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை 10.15. ஆரணி வந்தாள். எய்ரிக்கின் கார், டீசல், ஓட்டோ, கொளுவியும் உண்டு. 195 கிலோமீட்டர் தனியாக ஓடி வந்திருந்தாள். எய்ரிக்குக்கு வேலை. என்னைப் பார்த்ததும், “மெலிஞ்சு போனியள்” என்றாள். கரவனைச் சுற்றிப் பார்த்தாள். கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். நான் வாங்கி வைத்திருந்த இரண்டாவது தலையணை கடை உறை பிரிக்காமல் அப்படியே கிடந்தது. கரவனை நாங்கள் இருவருமாகப் பூட்டினோம். விளக்குகளைச் சோதித்தோம். நான் ஓடுகிறேன் என்றேன். தனக்கும் பழக வேண்டும் என்று அவள் சாரதி இருக்கையில் ஏறினாள்.

அவளுக்கு ஓட்டம் பழக்கத் தொடங்கியவன் நான்தான். பதினேழு வயதில், பின்னால் பழகுபவர் என்று காட்டும் சிவப்பு எழுத்துப் பலகை ஒட்டி, என் பழைய மனுவலில். ஸ்டொவ்னர் பக்கம் ஓர் ஏற்றத்தில், சமிக்ஞை விளக்கில், மூன்று தரம் இயந்திரம் நின்றது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். வேலையிடத்திலோ வீட்டிலோ ஒருவரோடும் சத்தம் போட்டுப் பேசாத நான் அன்று அவள்மீது கத்தினேன். “பின்னால ஆக்கள் நிக்கினம், எடு, எடு” என்று. அவள் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனாள். பிறகு பயிற்சிப் பள்ளியில் ஓட்டோ பழகினாள். என் காரின் சாரதி இருக்கையில் அவள் மறுபடி இருந்ததில்லை.

அதே ஏற்றத்தில் இப்போது அவள் ஏறினாள். இயந்திரம் ஒருமுறை தாழ்ந்து உறுமிவிட்டு, தானே கியரை இறக்கிக்கொண்டது. நான் கண்ணாடியில் பின்னால் வரும் கார்களை எண்ணினேன். இரண்டு. நான்கு. முதல் ஒதுங்கிடம் போய்விட்டது. என் இடது கால் ஒவ்வொரு வளைவிலும் இல்லாத கிளச்சை மிதித்தது. ஏழு. ஒன்பது. நான் நின்றுபோன இடமும் கடந்து போயிற்று.

“பின்னால ஆக்கள் நிக்கினம், பிள்ளை.”

சொன்ன பிறகுதான் நான் எதைச் சொன்னேன் என்று எனக்கே கேட்டது. ஆரணி வீதியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நிக்கட்டும் அப்பா. மேல பெரிய இடம் வரும். அதில விடுவம்.”

மேலே, மரங்கள் முடிந்த இடத்தில், நீளமான ஒதுங்கிடம் வந்தது. விலகினாள். பதினொரு கார் போனது. ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை, இரண்டு பேர் கைகாட்டினார்கள். அவள் மெல்ல மிதிக்க, கரவன் ஒரு குலுக்கலும் இல்லாமல் பின்னால் வந்தது.

1026 மீற்றர் உயரத்தில் ஹியெர்க்கின். வெறும் மேடு, பாசி, பனித்திட்டுகள். அங்கேதான் கேட்டேன். யூலையில் வடக்கே போவதைப் பற்றி.

“யூலையில ஏலாது அப்பா. எய்ரிக்கின்ர அம்மா அப்பாவின்ர ஹித்தைக்குப் போறம், மூண்டு கிழமை. பிறகு எனக்கு இரவு வேலை.” ஹித்தை என்றால் மலைவீடு. சிறிது தூரம் போய், “செப்டம்பரில பாப்பம்” என்றாள்.

ஓம் என்றேன். பனி இன்னும் இருக்கிறதே என்றேன். இருக்கிறதுதான் என்றாள்.

பிற்பகல் 2.35. ட்ரொண்ட்ஹெய்ம். கரவனை எய்ரிக்கின் தகப்பனின் வளவில் விட்டோம். அன்றிரவு ஆரணியின் வீட்டில்தான் படுத்தேன். காலையில் எய்ரிக் எனக்கு முன் எழும்பிக் கோப்பி போட்டிருந்தான். கோப்பையைச் சத்தம் வராமல் என் முன்னால் வைத்தான். அவனுக்கும் என்னைப்போலக் கூச்சம் என்று போன வருடம் நான் கவனிக்கவில்லை.

என் கார் இன்னும் டொம்போஸ் வேலைத்தலத்தில் புதுக் கிளச்சுக்குக் காத்து நின்றது, அதனால் ஞாயிறு காலை ரயில். ஒஸ்லோவுக்கு ஏழு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. ஆரணி நிலையத்துக்கு வெளியே காரை நிறுத்தி, இறங்காமல், கண்ணாடியை இறக்கி, போய்ச் சேர்ந்ததும் எழுதச் சொன்னாள். அவளுக்குப் பதினொரு மணிக்கு வேலை.

ரயில் பாதையும் அந்த மலைமேட்டால்தான் போகிறது. டொம்போஸுக்கு வருமுன் வீதி சிறிது நேரம் தெரிந்தது. ஒரு கரவன் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் நீண்ட வரிசை. அது நிற்காமல் ஏறியது. அப்போது யோகன் அழைத்தான். கிளச் எரிந்ததை அவனுக்கு வெள்ளிக்கிழமையே எழுதியிருந்தேன். ரயிலில் நான் தொலைபேசியில் பேசுவதில்லை. அன்று எடுத்தேன்.

“என்ன முடிவு அண்ணை?”

“ஓட்டோ.”

“கிளச் எரிஞ்ச பயமோ?”

“இல்லை. பிள்ளைக்கு ஓட்டோதான் ஓடலாம்.”

“அவ ட்ரொண்ட்ஹெய்மில எல்லோ இருக்கிறா?”

“ஓம். அங்கைதான்.”

யோகன், சரி, வெள்ளிக்கிழமை கொண்டுவாறன், தேசிக்காய் நான் வாங்குறன் என்றான்.

மாலை ஐந்தரைக்கு ரொம்மன் வந்து சேர்ந்தேன். ஞாயிறு மாலையில் எங்கள் பக்கம் பிள்ளைகளின் பந்துச் சத்தம் கேட்கும். டொவ்ர மலையில் காற்று மட்டும்தான். எது கூடுதல் தனிமை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் தரிப்பிடத்தில் யாரோ ஒருவரின் கார் நின்றது. முன்பென்றால் பார்த்துவிட்டு மேலே ஏறியிருப்பேன். வீட்டுக்குப் போய் ஒரு தாள் எடுத்து, எழுத்துப்பிழை வராமல் இரண்டு தரம் எழுதிப் பார்த்து, இறங்கி வந்து அந்தக் காரின் கண்ணாடித் துடைப்பானுக்குக் கீழே செருகினேன். வெள்ளிக்கிழமை எனக்கு இந்த இடம் வேண்டும் என்று நொர்வேஜிய மொழியில் எழுதியிருந்தேன்.