எமில்ராஜின் மண்ணிறம்

குருநகரில் வலை, மிதவை, கயிறு, வள்ளத்துக்குப் பூசும் பெயின்ற் எல்லாம் விற்கிற எமில்ராஜ், நிறங்கள் தனக்கு அத்துப்படி என்று நம்பியிருந்தார். ஆதாரம் கேட்டால், பெயின்ற் விற்கிறவனுக்கு நிறம் தெரியாதா என்பதுதான் ஆதாரம்.

லண்டனிலிருந்து வந்த மச்சான், பிள்ளைகளுக்கென்று ஒரு பெட்டி கொண்டுவந்தார். உள்ளே, பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்கிற ஒரு குட்டிப் பழைய பிரிட்டிஷ் இராணுவ வண்டி. பிள்ளைகள் திரும்பியும் பார்க்கவில்லை. தகப்பன்தான் பிடித்துக்கொண்டார். சில வருடங்களில் முன்னறைக் கண்ணாடி அலுமாரி முழுக்க இராணுவ வாகனங்கள் நிறைந்து, மனைவி றொசாந்தியின் சீனக் கோப்பைகள் குசினிக்கு இடம்பெயர்ந்தன. வீடு ஆசீர்வதிக்க வந்த பங்குத்தந்தை அலுமாரியை வெகுநேரம் பார்த்துவிட்டு, சண்டை நேரம் நிசமானதுகளுக்குப் பயந்து ஓடின சனம்தானே நாங்கள், உமக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டார்.

“இதுகள் ஆரையும் கலைக்காது, ஃபாதர்,” என்றார் எமில்ராஜ்.

ஒட்டுவது சுலபம், நிறம்தான் சண்டை. பிரிட்டிஷ் இராணுவம் என்றால் பச்சை என்று சும்மா பூசிவிட முடியாது. உலகப் போரின் நடுவில் பச்சைச் சாயத்துக்குத் தட்டுப்பாடு வர, சில வருடங்கள் வண்டிகளுக்கு மண்ணிறம் பூசினார்கள். 1944இல்தான் ஒருவகை ஒலிவ் பச்சைக்கு மாறினார்கள். அந்த மண்ணிறம் எவ்வளவு கடும் மண்ணிறம் என்பதில், இணையக் குழு ஒன்றில் உலகெங்குமுள்ள வயது வந்த ஆண்கள் இரவு பகலாகச் சண்டைபிடித்தார்கள். அதில் எமில்ராஜ் முன்வரிசை. உங்கள் மண்ணிறத்தில் சிவப்புக் கூடிவிட்டது என்று ஒரு ஸ்கொட்லாந்துக்காரருக்கு மூன்று பந்தி எழுதிப் புத்தி சொல்லியிருந்தார்.

அந்த வருடம் அவர் பெருமையோடு ஒரு கவச வண்டியை முடித்தார். கடைப் பெயின்றையும் வெளிநாட்டுப் போத்தல்களையும் துளித்துளியாகக் கலந்து, சரியான மண்ணிறம் வந்துவிட்டது என்று படம் பிடித்துப் போட்டார். ஸ்கொட்லாந்துக்காரர் மிகவும் மரியாதையாக எழுதினார்: அருமையான பச்சை, 1944ஆம் ஆண்டு வண்டியா?

எமில்ராஜ் முதலில் போன் கமராவைக் குறை சொன்னார். பிறகு வெளிச்சத்தைக் குறை சொல்லி, புது மின்குமிழ் வாங்கினார். பிறகு கடற்காற்றில் பெயின்ற் மாறுகிறதென்றார். கடைசியில் றொசாந்தியிடம் வண்டியை நீட்டினார்.

“பச்சைதானே,” என்றாள் அவள்.

“உமக்கு இதுகள் விளங்காது,” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி மாற்றப் புறப்பட்டார். நுணுக்க வேலை செய்து கண் களைத்துவிட்டது என்பது அவருடைய முடிவு.

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்த தனுசியா, கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, புள்ளிகளால் ஆன படங்கள் உள்ள ஒரு புத்தகத்தை விரித்தாள். என்ன எண் தெரியுது என்றாள். எண் ஒன்றும் இல்லையே, அச்சுப் பிழையாக்கும் என்றார் எமில்ராஜ். அடுத்த பக்கத்திலும் அச்சுப் பிழை. அதற்கடுத்ததிலும்.

“அண்ணை, புத்தகம் சரி,” என்றாள் தனுசியா மெதுவாக. “உங்களுக்குப் பச்சையும் மண்ணிறமும் பிரிஞ்சு தெரியாது. பிறப்பிலையே அப்பிடித்தான். கண்ணாடி போட்டும் மாறாது.”

சைக்கிளை உருட்டிக்கொண்டே வீடு வந்தார். ஏறி ஓட மறந்துவிட்டார். இத்தனை காலம் கடையில் பிழை விடாமல் பெயின்ற் விற்றது எப்படி என்று யோசித்துப் பார்த்தார். தகரத்தில் நிறத்தின் பெயர் எழுதியிருக்கிறது. அவ்வளவுதான். வாசிக்கத் தெரிந்த எவனும் விற்கலாம்.

றொசாந்தியிடம் சொன்னார். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“கலியாணத்துக்குப் பிறகு முதல் நத்தார்ப் பூசைக்கு வெளிக்கிடேக்கை என்ன சொன்னியள்? இந்த மண்ணிறச் சீலை உமக்கு வடிவு எண்டு. நான் கட்டினது பச்சை. புது மாப்பிள்ளையெண்டு விட்டிட்டன்.”

செய்தி கரைவரை போய்விட்டது. சந்தியோகு என்ற சம்மாட்டி வேலை மினக்கெட்டுக் கடைக்கு வந்து, தன் வள்ளத்துக்குப் போன வருடம் தந்தது நீலம்தானா என்று விசாரித்தார். தகரத்தைப் பார்த்துத்தான் தந்தேன் என்று எமில்ராஜ் சத்தியம் பண்ணவேண்டியதாயிற்று.

அலுமாரியைப் பூட்டிவிடலாமா என்றுகூட நினைத்தார். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. ஒரு ஞாயிறு பின்னேரம் குழுவில் எழுதினார்: இவ்வளவு நாளும் உங்களுக்கெல்லாம் நிறம் சொல்லித்தந்த எனக்கு நிறக்குருடு. மூன்று பந்திக்கும் மன்னிக்கவும். ஸ்கொட்லாந்துக்காரர், தன் கண் நல்ல கண், ஆனாலும் தன் மண்ணிறத்தில் சிவப்புக் கூடித்தான் போயிருந்தது என்று பதில் போட்டார்.

இப்போது எமில்ராஜ் துளிகளை எண்ணி விடுவார். றொசாந்தி, மச்சான் அனுப்பிய நிற அட்டையைப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பாள். அவள் தலையாட்டும்வரை தூரிகை வண்டியைத் தொடாது. போன கிழமை, கலவை பாதியில் நிற்க, அவள் பாடகர் குழுப் பயிற்சிக்கு எழும்பினாள்.

“இதைப் பார்த்திட்டுப் போமன்,” என்றார்.

“இன்னும் கொஞ்சம் மஞ்சள் வேணும். நான் வருமட்டும் தொடாதேங்கோ.”

அவள் போய்விட்டாள். கிண்ணத்தில் பெயின்ற் ஆடை கட்டத் தொடங்கியது. எமில்ராஜ் பெயின்றை இளக்கத் தின்னர் இரண்டு துளி விட்டுக் கலக்கினார், குனிந்து பார்த்தார். அவருக்கு அது அச்சொட்டாக அந்த மண்ணிறமாகவே இருந்தது. மூடியால் மூடிவிட்டு, தேநீர் போட எழும்பினார்.