மூணாங்கியர் கேட்ட வருஷம்

ஊரில் அவருக்கு வழங்குகிற பெயர் மூணாங்கியர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். வாடகைக்கு டிராக்டர் ஓட்டுகிறவர். வயலில் நாலு சுற்று போனால் போதும், இஞ்சின் சத்தத்தை வைத்தே மண்ணின் சங்கதியைச் சொல்லிவிடுவார்.

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது அவருடைய அக்காவின் வயலால். களிமண். மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் நிற்கும். வெயில் அடித்தால் கை நுழைகிற மாதிரி வெடிக்கும். இரண்டாவது கியரிலேயே டிராக்டர் முக்கி முனகும். மூன்று வருடமாகப் போட்ட விதையெல்லாம் வீணாகி அக்கா சலித்துப்போயிருந்த நேரம் பார்த்துச் செங்கல் சூளைக்காரர் வந்தார். மூன்றடி ஆழத்துக்கு மண்ணை வெட்டிக்கொள்கிறேன் என்றார். அக்கா கிட்டத்தட்டத் தலையாட்டிவிட்டாள்.

தம்பி அன்று சாயங்காலமே வந்து அடுப்படி வாசலில் நின்றார்.

“வெட்டிட்டா அப்புறம் அது வயல் இல்லக்கா, பள்ளம். எனக்கு ஒரே ஒரு வருஷம் குடு. இதே வயலை மூணாவது கியர்ல உழுது காட்டுறேன்.”

பேச்சு டீக்கடை வரைக்கும் போனது. “ஓரம் போங்கப்பா, மூணாங்கியர் வர்றாரு!”

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சணப்பையும் தட்டைப்பயறும் கலந்து விதைத்தார். அறுப்பதற்கு இல்லை. பூக்கிற நேரத்தில் அப்படியே மடக்கி மண்ணுக்குள் உழுதுவிடுவதற்கு. வேர் மண்ணைத் துளைக்கும், தழை மட்கி மண்ணை இளக்கும் என்பது அவர் கணக்கு. “மனுசனுக்கு ஒண்ணும் இல்ல, மண்ணுக்கு மட்டும் விருந்தா?” என்று பக்கத்து வயல்காரர் அக்காவைச் சீண்டினார். அவளுக்கும் மனசுக்குள் அதே கேள்விதான்.

சணப்பை மஞ்சளாகப் பூத்தது. அக்கா இரண்டு முறை சொல்லி அனுப்பினாள். ஊரார் வேலை முதலில், வீட்டு வேலை கடைசியில் என்பது தம்பியின் வழக்கம். பன்னிரண்டு நாள் தாமதமாக வந்தார். அதற்குள் தண்டு முற்றி நாராகிவிட்டது. அத்தனையும் டிராக்டருக்குப் பின்னால் சுழல்கிற ரோட்டவேட்டர் கத்தியில் சுற்றிக்கொண்டது. சுற்றுக்கு ஒருமுறை இஞ்சினை நிறுத்தி, அடியில் மல்லாந்து படுத்து, அரிவாளால் அறுத்து அறுத்து எடுத்தார்.

“உழ வந்தியா, கயிறு திரிக்க வந்தியா?” என்றாள் அக்கா.

முகமெல்லாம் மண்ணோடு எழுந்தார். “தப்பு என்னோடதுக்கா. மண்ணு மேல பழி போட்டுடாத.”

தப்பு என்னுடையது என்று ஓர் ஆண்பிள்ளை இவ்வளவு சுலபமாகச் சொல்லி அவள் கேட்டதில்லை. சூளைக்காரர் மறுபடி ஆள் அனுப்பியபோது, “வருஷம் முடியட்டும்” என்று அவள் சொன்னதற்கு அந்தச் சொல்தான் காரணம்.

இரண்டாம் முறை விதைத்தபோது, முதல் பூ கண்ணில் பட்ட அன்றே பெரிய பண்ணைக்காரரைக் காக்கவைத்துவிட்டு அக்கா வயலில் இறங்கினார். இளம் தண்டுகள் சத்தமில்லாமல் மடங்கி உள்ளே போயின.

வருஷம் முடிந்த காலை. சூளைக்காரர் பைக்கை நிறுத்திவிட்டு வரப்பில் வந்து நின்றார். பக்கத்தில் அக்கா. தம்பி இரண்டாவது கியரில் கிளம்பினார். முனகலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள் அக்கா. முனகல் வரவில்லை. இரண்டாம் சுற்றில் அவர் கை கியர்த் தண்டுக்குப் போனது. சத்தம் மாறியது. டிராக்டர் சட்டென்று வேகம் பிடித்தது, கலப்பை மண்ணை விட்டு மேலே எழும்பவில்லை. புடவைத் தலைப்பைக் கைக்குள் கசக்கிக்கொண்டிருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சூளைக்காரர் ஒரு கட்டியை எடுத்து அழுத்தினார். உதிர்ந்தது. உள்ளே நூல் நூலாக வேர்.

மேற்கு மூலைக்குப் போனதும் இஞ்சின் பழையபடி முக்கியது. தம்பி ஒளிக்கவில்லை, எல்லோரும் பார்க்க இரண்டாவது கியருக்கு இறக்கினார். வரப்பருகே வந்து நிறுத்தி, “முக்கால் வயல்தான்க்கா தேறிச்சு. அந்த மூலை இன்னும் ஒரு வருஷம் கேக்குது” என்றார்.

சூளைக்காரர் விடவில்லை. “இதெல்லாம் இனி செங்கல்லுக்கு ஆகாதும்மா. அந்த மூலையையாவது எனக்கு விட்டுடுங்களேன்.”

அக்கா தலைப்பை உதறிச் செருகிக்கொண்டாள்.

“காதுல விழலையா? அது ஒரு வருஷம் கேக்குதாம்.”