கண்ணாடிக்குள் ஒரு பொட்டுக் குங்குமம்

கிள்ளானிலிருந்து சென்ட்ரலுக்கு வரும் ரயிலில் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தே ஆக வேண்டும். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். நான் கூரைகளைப் பார்த்துக்கொண்டு வருவேன். ஷா ஆலம் தாண்டி சுபாங் ஜெயா வரைக்கும் தொழிற்சாலைக் கூரைகளில் சோலார் பேனல்கள் வரிசையாகப் படுத்திருக்கும். அதில் ஒன்றுகூட நாங்கள் செய்ததில்லை. நாங்கள் செய்தவை மேருவிலும் காப்பாரிலும் சில வீடுகளின் மேல் இருக்கின்றன, ஒரு மீன் கடையின் மேல் இருக்கின்றன. ரயில் அந்தப் பக்கம் போவதில்லை. தெரிந்தும் பார்க்கிறேன்.

இப்போது எனக்கு பிரிக்பீல்ட்ஸில் வேலை. சேலைக் கடைக்கு மேல்மாடியில் ஓர் ஆபீஸ். வீடுகளுக்கு சோலார் போட்டுத் தரும் கம்பெனி. போன் எடுப்பது, விவரம் சொல்வது, வீட்டைப் பார்க்க ஆள் அனுப்புவது, இவ்வளவுதான் நான் செய்வது. பேனல் எல்லாம் கப்பலில் வந்து இறங்குகிறது. எங்கள் விளம்பரத்தில் 'நம் நாட்டுச் சூரியன், நம் வீட்டு மின்சாரம்' என்று போட்டிருக்கிறார்கள். சூரியன் ஒன்றுதான் அதில் நம்முடையது. இதை ஒருநாள் ஆபீஸில் சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதற்கு முன்னால் நான் பேனல் செய்தவள். மேரு போகும் சாலையில் ஒரு சின்னத் தொழிற்சாலை. முதலாளி சீனர். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர், எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். எல்லாருக்கும் அவர் தவுக்கே. எனக்கு முன்னால் அடுக்கும் மேசையில் ஓர் அக்கா இருந்தார். கண்ணாடியை விரித்து, அதன்மேல் ஒட்டும் தாளைப் போட்டு, கம்பியால் கோத்த செல்களைக் கவிழ்த்து வைப்பது அவர் வேலை. செல் என்றால் அப்பளம் மாதிரி, அழுத்திப் பிடித்தால் நொறுங்கிவிடும். அக்கா கையில் நொறுங்கி நான் பார்த்ததில்லை. அடுக்கியது லேமினேட்டருக்குள் போகும். அந்தப் பெரிய மெஷின் காற்றை உறிஞ்சி, சூட்டில் எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டிவிடும். ஒட்டியதைப் பிரிக்க முடியாது. அதன் பிறகு பேனல் என்னிடம் வரும். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, முடி, தூசி, விரிசல் ஏதாவது உள்ளே மாட்டியிருக்கிறதா என்று தேடுவேன். இருந்தால் ரிஜெக்ட்.

ஆயுத பூஜைக்கு தவுக்கே அரை நாள் லீவு விடுவார். காலையில் லேமினேட்டரின் வெளிப்பக்கத்துக்குச் சந்தனம், குங்குமம், மாலை. ஃபோர்க்லிஃப்ட்டுக்கு எலுமிச்சம்பழம். எங்களோடு வேலை செய்த மலாய்ப் பெண்கள் சுண்டலுக்காகக் காத்திருப்பார்கள். தவுக்கே எங்கள் எல்லாரையும்விடப் பெரிய கற்பூரமாக ஏற்றுவார். அன்றைக்கு நல்ல நாளில் ஒரு பேனலாவது செய்துவிட்டுப் போக வேண்டும் என்பது அவர் வைத்த வழக்கம்.

அந்த வருடமும் அப்படித்தான் கை கழுவினோம், உறை மாட்டினோம், தலைக்குத் தொப்பி போட்டோம். நெற்றியை மட்டும் யாரும் நினைக்கவில்லை. அக்கா நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு மேசை மேல் குனிந்திருக்கிறார். பேனல் என்னிடம் வந்தபோது இரண்டு செல்களுக்கு நடுவே எள்ளளவுக்கு ஒரு சிவப்பு. சூட்டில் கொஞ்சம் கறுத்திருந்தது. கண்ணாடிக்குள் இருந்தது, துடைக்க முடியாது. மின்சாரம் சோதித்துப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ரிஜெக்ட் ஸ்டிக்கரை ஒட்டினேன்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சாமி குங்குமம்டி. அதையுமா ரிஜெக்ட் பண்ணுவ?"

"கரண்டு பாஸ்க்கா. உங்க நெத்திதான் ஃபெயிலு."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் அவரே எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். தவுக்கே அந்தப் பேனலைத் தன் அறையில் சாய்த்து வைத்துக்கொண்டார். எங்களுக்கு ஒரு பாக்கெட் ஸ்டிக்கர் பொட்டும் வாங்கி வந்தார்.

சில மாதங்கள் கழித்து ஒரு பெரிய ஆர்டருக்காகத் தொழிற்சாலையைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். பள்ளிக்கூடக் கூரைகளுக்கெல்லாம் போடும் திட்டம். அது கிடைத்தால் தொழிற்சாலை பிழைக்கும், கிடைக்காவிட்டால் பிழைக்காது. இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தவுக்கே அவர்களிடம் குங்குமப் பேனலைக் காட்டி, முழு மின்சாரம் தருகிறது, ஆனாலும் எங்கள் பெண் இதை வெளியே விடவில்லை என்று என்னைக் கை காட்டினார். அவர்கள் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதன்பின் ஒருவர், பேனலுக்கு இருபத்தைந்து வருட உத்தரவாதம் என்று எழுதியிருக்கிறீர்களே, இருபத்தைந்து வருடம் உங்கள் கம்பெனி இருக்குமா என்று மரியாதையாகக் கேட்டார். திட்டத்துக்குக் கடன் கொடுக்கும் வங்கி அதைத்தான் கேட்கிறதாம். தவுக்கே சிரித்துச் சமாளித்தார். அவர்கள் போனதும் கேண்டீனில் வந்து உட்கார்ந்தார். தே தாரிக் ஆறிப்போகும் வரை குடிக்கவில்லை.

"மெஷினப் பத்திக் கேட்டா பதில் சொல்லலாம்லா. நான் எப்ப சாவேன்னு கேட்டா என்னா சொல்றது?"

ஆர்டர் கப்பலில் வரும் பேனலுக்குப் போனது. அதன் விலையைக் கேட்டபோது, எங்கள் செல்லும் கண்ணாடியும் பிரேமும் வந்து சேரும் விலையைவிடக் குறைவாக இருந்தது. இரண்டும் ஒரே கிள்ளான் துறைமுகத்தில்தான் இறங்குகின்றன. எங்கள் பொருளுக்கு வழியெல்லாம் வரி இருக்கிறது, முழுப் பேனல் நோகாமல் உள்ளே வருகிறது என்று தவுக்கே புலம்புவார். இந்த நாட்டில் பெரிய பெரிய பேனல் தொழிற்சாலைகள் இல்லாமல் இல்லை. அவை வெளிநாட்டுக்காரர்களுடையவை, வெளிநாட்டுக் கூரைகளுக்காகச் செய்பவை. அந்த நாடுகள் வரியை ஏற்றினால் அங்கேயும் ஆட்களைக் குறைக்கிறார்கள்.

மலிவாக வருவதை வாங்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் சம்பளமே இப்போது அதில்தான் வருகிறது. ஆனால் பள்ளிக்கூடக் கூரைகளில் ஒரு பங்கை இங்கே செய்கிறவர்களுக்கு என்று ஒதுக்கியிருக்கலாம். எங்களை மாதிரிச் சின்னவர்கள் கொடுக்கும் இருபத்தைந்து வருட வாக்குக்கு அரசாங்கம் பின்னால் நின்றிருக்கலாம். ஒரு தனி மனிதனைக் கூப்பிட்டு உன் ஆயுள் எவ்வளவு என்று கேட்டால் அவன் எங்கே போவான்?

தொழிற்சாலையை மூடியபோது தவுக்கே எல்லாவற்றையும் விற்றார், லேமினேட்டரை மட்டும் விற்கவில்லை. அதைத் தன் மைத்துனரின் கிடங்கில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார். சட்டம் மாறும், சின்னவர்களுக்கும் ஆர்டர் வரும், முதல் போன் உங்கள் இருவருக்கும்தான் என்றார். நானும் அக்காவும் நம்பினோம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்தக் கிடங்குக்குப் போவோம். தார்ப்பாயை விலக்கி மெஷினுக்குப் பொட்டு வைப்போம், தவுக்கே கற்பூரம் ஏற்றுவார். நடுவில் புது நம்பரிலிருந்து போன் வந்தால் ஓடிப்போய் எடுப்பேன். பெரும்பாலும் கடன் வேண்டுமா என்று கேட்பவர்கள்தான்.

குங்குமப் பேனலை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். காப்பார் வீட்டில் போர்ச்சுக்கு மேல் மாட்டி, பேட்டரி வைத்து விசிறி ஓட்டினார். போன வருடம் மகனோடு இருக்க ஜொகூருக்குக் குடிபெயர்ந்தபோது, அதைக் கழற்றி ஒரு லோரியில் என் பிளாட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினார். மகன் வீட்டுக் கூரையில் ஏற்கெனவே பேனல் இருக்கிறதாம், கப்பலில் வந்தது. எனக்கோ கூரையே கிடையாது, தலைக்கு மேல் இன்னொருவர் வீடு. ஆனாலும் பால்கனியில் சாய்த்து வைத்தேன். சாயங்கால வெயில் கொஞ்ச நேரம் அதில் விழும், ஒரு சின்ன விளக்குக்குப் போதும்.

இந்த வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் தவுக்கே போன் செய்தார். பெயரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

"மெஷின் போயிருச்சும்மா. வெளிநாட்டுல ஒருத்தன் விலைக்கு எடுத்துக்கிட்டான். இனிமே வெச்சிருந்து என்னா பண்ணப் போறேன்."

அக்காவிடம் சொன்னபோது அவர் போனிலேயே அழுதார். எனக்கு அழுகை அப்போது வரவில்லை.

பூஜையன்று ஆபீஸில் கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் பொட்டு வைத்தார்கள். என்னையும் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். மீதிக் குங்குமத்தைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பால்கனியில் வெயில் இன்னும் இருந்தது. பேனலை ஈரத்துணியால் துடைத்தேன். வேலையில் செய்த மாதிரியே சாய்த்து, மூலை மூலையாகப் பார்த்தேன். விரிசல் இல்லை, மஞ்சள் பூக்கவில்லை, ஓரம் பிரியவில்லை. இருபத்தைந்து வருடம் இது தாராளமாக இருக்கும்.

குங்குமத்தைத் தொட்டு விரலை நீட்டினேன். பொட்டு ஏற்கெனவே உள்ளே இருந்தது.