கூண்டு வண்டிக் குடித்தனம்

என் வீட்டுக்காரர் பர்மாவிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது அவருக்கு அறுபது முடிந்திருந்தது. எனக்கு ஐம்பதைத் தாண்டிச் சில வருஷம். கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆகப்போகிறது என்று ஊரெல்லாம் சொல்வேனே தவிர, ஒன்றாக இருந்த காலத்தைக் கூட்டினால் அதில் கால்வாசிகூடத் தேறாது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவார், சில மாதம் இருப்பார். நானும் சீடை, மாவுருண்டை, அதிரசம் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து போடுவேன். எனக்குத் தெரிந்தது தீர்ந்துபோகிற சமயத்தில் அவரும் கப்பல் ஏறிவிடுவார். அது இருவருக்கும் வசதியாக இருந்தது.

இந்த முறை பலகாரமெல்லாம் தீர்ந்த பிறகும் அவர் கிளம்பவில்லை. காலையில் எழுந்து வந்து பார்த்தால் இருந்தார். மத்தியானமும் இருந்தார். தினமும் ஒரு மனிதரை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

காரைக்குடியில் எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். கட்டியது என் மாமனார். ஆனால் நான் பேசுவதைக் கேட்டால் ஒவ்வொரு தூணையும் நானே தலையில் சுமந்து வந்து நட்டது போலிருக்கும். அந்த வீட்டில் அவர் வழி தவறிய ஆள் மாதிரி நடந்தார். எங்கள் வீடுகளில் முற்றத்தோடு கூடிய ஒவ்வொரு கட்டும் ஒரு வளவு. முதல் வளவில் நின்று என்னைக் கூப்பிடுவார். நான் மூன்றாம் வளவிலிருந்து பதில் சொல்லிக்கொண்டே போய்ச் சேர்வதற்குள் அவர் என்னைத் தேடிக்கொண்டு வேறு பக்கமாக வந்திருப்பார். படுப்பதற்கு நான் தேக்குக் கட்டில் போட்டு வைத்திருந்தேன். அவரோ முகப்பு மூலையில் சுவரோரமாக ஒரு பாயை விரித்து, தலைமாட்டில் தன் பெட்டியை வைத்துக்கொண்டு படுத்தார். வேலைக்காரர்கள் பார்க்கிறார்களே என்று எனக்கு அவமானமாக இருந்தது.

கார்த்திகை முடிகிற சமயத்தில் ஒருநாள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது சொன்னார்.

"இளையாத்தங்குடிக் கோயில் பக்கத்துல ஒரு புளியந்தோப்பு இருக்காமே. மார்கழி பொறந்தா வயசானவுக வண்டி கட்டிக்கிட்டுப் போயி அங்குட்டே தங்குறாகளாம். விடியக்காலம் சாமி கும்பிடுறது, வண்டியிலயே சமையல், வண்டியிலயே படுக்கை. நாமளும் போவமா?"

"வண்டியிலயா?" என்றேன். "வீடு இம்புட்டுப் பெருசா இருக்கையில வண்டியில எதுக்குப் படுக்கணும்?"

"வீடு பெருசா இருக்கிறதுனாலதான்."

அதற்கு அர்த்தம் எனக்குப் புரியவில்லை. ஆனால் சரி என்று சொல்லிவிட்டேன். பக்தியால் அல்ல. கோட்டையூரிலிருந்தும் வேறு பல ஊர்களிலிருந்தும் ஆச்சிமார்கள் வருவார்களே, நாம் எப்பேர்ப்பட்ட வீட்டிலிருந்து வந்திருக்கிறோம் என்று நாலு பேர் பார்க்கட்டுமே என்பதுதான் என் எண்ணம்.

அந்த எண்ணத்தோடுதான் சாமான் கட்டினேன். தங்குவதற்கு ஒரு கூண்டு வண்டி, சாமானுக்குத் தனியாக ஒரு பார வண்டி. பார வண்டி நிறைந்த பிறகும் மனசு அடங்கவில்லை. வெண்கலப் பானை, பித்தளை அண்டா, இட்லிக் கொப்பரை, பர்மாவிலிருந்து வந்த எனாமல் வாளிகள், தேன்குழல் டின்கள் என்று மிச்சத்தையெல்லாம் கூண்டு வண்டியின் பின்பக்கம் அடைத்தேன். சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றேன். "நாம ரெண்டு பேருந்தான்" என்று சொல்லிவிட்டார். அண்டாவைப் பார்த்து மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொல்லியிருந்தால் எனக்குப் பிற்பாடு நடந்தது நடந்திருக்காது.

தோப்பில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஏழெட்டு வண்டிகள் முன்பே வந்திருந்தன. மாடுகளை அவிழ்த்து ஊருக்கு அனுப்பிவிட்டு, வண்டி அசையாமல் சக்கரத்துக்குக் கல்லும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டையும் கொடுத்து, எல்லாரும் வருஷக்கணக்காக அங்கேயே இருப்பவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வண்டி வந்து நின்றதும் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இறங்கி நின்றால் சாதாரணமாகப் போய்விடும், வண்டிக்குள்ளேயே சற்று நேரம் உட்கார்ந்திருக்கலாம் என்று, அரக்குப் பட்டுப் புடவையைச் சரிசெய்துகொண்டு பின்பக்கம் அண்டாவில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

வண்டிக்காரர் முட்டுக்கட்டை கொடுப்பதற்கு முன்பே மாட்டை அவிழ்த்துவிட்டார். "ஆச்சி, இறங்கிக்கிடுங்க" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. ஒரு வண்டிக்காரர் சொல்லி நான் இறங்குவதா என்று இருந்துவிட்டேன். அடுத்த நொடி மாடு பூட்டுகிற ஏர்க்கால் வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டது. பின்பக்கம் தரையில் மோதியது. முதலில் எனாமல் வாளிகள் உருண்டன, பிறகு கொப்பரை, பிறகு அண்டா, அதற்குப் பின்னால் நான். புளியஞ்சருகின்மேல், காலை நீட்டி, மடியில் உடைந்த தேன்குழலோடு உட்கார்ந்திருந்தேன். அண்டா மட்டும் நிற்காமல் இன்னும் கொஞ்ச தூரம் போயிற்று.

பக்கத்து வண்டியிலிருந்து ஒரு அம்மாள் ஓடி வந்தாள். கல்லல் பக்கத்து விவசாயக் குடும்பம். நிலத்தைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியுமாக வருஷந்தோறும் வருகிறவர்கள்.

"ஆச்சி! அடிகிடி பட்டிருச்சா?"

"இல்லை. இறங்குறேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவளுக்கு நன்றி சொல்லவேண்டும். "ஏன் ஆச்சி, இம்புட்டு ஏனம் எதுக்கு? ஊருக்கே சமைக்கப் போறீகளா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே அண்டாவைத் துரத்திப் பிடித்து வந்தாள்.

என் வீட்டுக்காரர் அன்று சாயங்காலமே விழுந்த ஏனங்களையும் ஏற்றிப் பார வண்டியை அப்படியே திருப்பி அனுப்பினார். அண்டாவை மட்டும் விட மாட்டேன் என்று பிடித்துப் பார்த்தேன், அதுவும் போயிற்று. மிச்சம் வைத்தது இரண்டு பானை, ஒரு செம்பு, ஒரு வாளி, இரண்டு தட்டு. எனக்குத் துணியை எல்லார் முன்னாலும் உருவியது போலிருந்தது. அப்புறம் அவர் வேலையைத் தொடங்கினார். கூண்டின் மூங்கில் வளைவில் கயிறு கட்டி மாற்றுத் துணியைத் தொங்கவிட்டார். பலகைக்கு அடியில் அரிசிப் பையைச் செருகினார். ஒரு கோணியைக் கிழித்து மடித்து உறை தைத்து, அதில் கரண்டியும் தீப்பெட்டியும் விபூதியும் வைத்தார். ஊசியில் நூல் கோத்தது அவர்தான். அப்பளம் சுட்டுப் புளிக்குழம்பு வைத்ததும் அவர்தான். குழம்பு என் குழம்பைவிட நன்றாக இருந்தது. உப்புக் கம்மி என்று சொல்லிவிட்டு இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டேன்.

இத்தனை திறமை இருந்தால் கூடவே சட்டமும் வரும். பாய்க்கு ஒரு இடம், செருப்புக்கு ஒரு இடம், என் காலுக்கும் ஒரு இடம். நான் புரண்டு படுத்தால், "இங்குட்டுத் திரும்பு, அப்பத்தான் ரெண்டு பேருக்கும் எடம் பத்தும்" என்பார். செம்பைப் பற்றித்தான் பெரிய சண்டை. நான் எங்கே வைத்தாலும் அவர் எடுத்துத் தலைமாட்டுக்கு இடப்பக்கம் வைப்பார்.

"செம்பு இங்குட்டுத்தான் இருக்கணும். கைய நீட்டுனா கெடைக்கணும்."

"எங்க வீட்டுல நான் கைய நீட்ட வேண்டியதில்ல. கூப்பிட்டா வரும்."

"சரி, கூப்பிட்டுப் பாரு."

செம்பைக் கூப்பிட்டால் வருமா? எனக்கு வந்த கோபத்தில் வண்டியை விட்டு இறங்கி நடந்துவிட்டேன். காரைக்குடிக்கே போய்விடுவது என்றுதான் நடந்தேன். தோப்பு முடிகிற இடத்தில் முள் குத்தியது. காரைக்குடி எந்தப் பக்கம் என்றும் தெரியவில்லை. திரும்பி வந்து கல்லல் அம்மாளின் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

அவள் வண்டிக்குள் எதற்கும் தனி இடம் என்று கிடையாது. கேழ்வரகும் கடப்பாரையும் வெங்காயமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அதற்கு நடுவே காலை நீட்டிக்கொண்டு எனக்குக் கூழ் ஊற்றிக் கொடுத்தாள். பேச்சு வளர்ந்தது.

"அக்கரைச் சீமையில ஐயா இருந்த வீடு எப்பிடி ஆச்சி? நம்ம ஊரு வீடு மாதிரியா?"

நான் பார்த்ததில்லை. அவரும் வரும்போதெல்லாம் அதைப் பற்றிப் பேச்செடுத்ததில்லை. ஆனால் எனக்குத் தெரியாது என்று சொல்கிற பழக்கம் கிடையாது. "நம்ம ஊரு வீடெல்லாம் அதுக்கு முன்னால எம்மாத்திரம்?" என்று ஆரம்பித்தேன். தேக்குத் தூண் எண்பது என்றேன். ஆளுயரக் கண்ணாடி, வாசலில் இரட்டைக் குதிரை வண்டி, மாடியிலிருந்து பார்த்தால் ஆறு. ஆறு வேண்டும் என்று தோன்றியது, வைத்தேன். அவள் வாயைத் திறந்தபடி கேட்டாள். என் வீட்டுக்காரர் எங்கள் வண்டியின் நிழலில், கூப்பிடு தூரம்கூட இல்லாத இடத்தில், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

ஆறு பாய்ந்துகொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. மார்கழியில் பெய்யக்கூடாத மழை. கல்லல் அம்மாளின் புருஷன் பாலுக்காகக் கொண்டுவந்திருந்த ஆட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து வண்டியில் ஏறினார். ஆடும் ஏறியது. அவர்கள் யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. ஆடுதான் என்னைப் பார்த்த பார்வையில் சொன்னது. நனைந்துகொண்டே எங்கள் வண்டிக்கு ஓடினேன். அவர் உலர்ந்த துண்டை நீட்டினார். அது கையெட்டும் இடத்தில்தான் இருந்தது.

அன்று பகல் முழுதும் மழை. கூண்டுப்பாயில் என் பக்கம் ஒழுகியதால் அவர் பக்கமாக நகர்ந்து நகர்ந்து, கடைசியில் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம். அப்போது அவர் கேட்டார்.

"அந்த வீட்டுல தூணு எத்தன சொன்ன?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "எண்பது."

"கொஞ்சம் கொறைச்சிருக்கலாம்."

பிறகு தானாகவே சொல்ல ஆரம்பித்தார். அங்கே வீடு என்று எதுவும் இல்லை. நீளமாக ஒரு கூடம். கிட்டங்கி என்று பெயர். வட்டிக்கடை வைத்திருப்பவர்கள் பலர் அதில் சேர்ந்து இருப்பார்கள். ஆளுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்குப் பின்னால் ஒரு பாய் விரிக்க இடம். பகலில் அதுவே கடை, ராத்திரி அதுவே படுக்கை. பொடியனாகப் போனபோது மற்றவர்களுக்குச் சமைத்துப்போட்டு, கூட்டிப் பெருக்கி, துணி தைத்து வளர்ந்தாராம். பெரிய ஆளான பிறகும் பாய் அகலம் கூடவில்லை.

"இத்தன வருசமும் அந்த ஒரு பாயிலயா?"

"ஒரு பாயில. பக்கத்துப் பாய்க்காரர் புரண்டா நானும் புரளணும்."

"எங்கிட்டச் சொன்னதே இல்லையே?"

"உங்க ஆத்தா வீட்டுல நீ எம்புட்டுப் பெருமையாச் சொல்லிவச்சிருந்தேன்னு எனக்குத் தெரியும். அதுல போயி எதுக்கு மண்ணப் போடணும்?"

அழுகை வருமோ என்று பயந்து கூண்டுக்கு வெளியே பார்த்தேன். வராமல் வேறு ஒன்று வாயிலிருந்து வந்தது. நான் யாரிடமும் சொல்லாதது. "நீங்க இல்லாதப்ப நானும் அந்தப் பெரிய வீட்டுல படுத்ததில்ல" என்றேன். "பயமா இருக்கும். அடுப்படிக்குப் பக்கத்துல ஏனம் அடுக்குற அறை இருக்குல்ல, அதுல கதவச் சாத்திக்கிட்டுப் படுத்துக்கிருவேன். காலை நீட்டுனா அண்டா இடிக்கும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அதனாலதான் அந்த அண்டாவ விட மாட்டேன்னியா?"

அப்படியா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அதில் கொஞ்சம் கௌரவம் இருந்தது.

மழை விட்ட பிறகும் சட்டமெல்லாம் தீர்ந்துவிடவில்லை. இரண்டு நாளைக்கு ஒரு சண்டை இருந்தது. ஆனால் விடியற்காலையில் குளிருக்கு ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு கோயிலுக்கு நடக்கும்போது அவர் மெதுவாக நடந்தார், நான் வேகமாக நடக்கப் பழகினேன். கல்லல் அம்மாளிடம் போய் அந்த ஆற்றை மட்டும் வாபஸ் வாங்கினேன். "தெரியும் ஆச்சி. ஐயா வெங்காயம் உரிக்கிற வேகத்தப் பாத்தாலே தெரியலையா?" என்றாள். தூண்களை அவள் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

பொங்கலன்று, வெளியூரில் தொழில் பார்க்கிற எங்கள் ஒரே மகன் புது மோட்டாரில் வந்தான். வண்டிக்குள் எட்டிப் பார்த்து முகம் வெளுத்துப்போனான்.

"ஆத்தா, ஊரு என்ன பேசும்? அப்பச்சியவும் ஒங்களையும் வீட்ட விட்டு அனுப்பிட்டேன்னு பேசாதா? கெளம்புங்க ரெண்டு பேரும்."

உட்காரச் சொல்ல இடமில்லாமல் அவனை மோட்டார்ப் படியில் உட்காரவைத்துப் பொங்கல் கொடுத்தோம். சாப்பிட்டான். மறுபடியும் கேட்டான். "மாசி பொறக்கட்டும்" என்றார் அவன் அப்பச்சி, அதாவது என் வீட்டுக்காரர். "மாசி பொறக்கட்டும்" என்றேன் நானும். வாழ்க்கையில் நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் ஒரே பதிலைச் சொன்னது அதுதான் முதல் தடவை. மகன் என்னைத்தான் அதிசயமாகப் பார்த்தான்.

கோபத்தோடு மோட்டாரைக் கிளப்பினான். முந்தின ராத்திரித் தூறலில் தோப்பு மண் ஈரம். சக்கரம் அந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றிப் பள்ளம் பறித்தது. கல்லல் அம்மாளும் அவள் புருஷனும் முந்தானையையும் வேட்டியையும் வரிந்து கட்டிக்கொண்டு தள்ள வந்தார்கள். என் வீட்டுக்காரரும் போனார். நான் ஒரு ஓரமாக நின்று வேலை வாங்கினேன், அது எனக்குக் கைவந்த வேலை. "என்ன பாத்துக்கிட்டு நிக்கிற, வந்து தள்ளு" என்றார் அவர். போய்த் தள்ளினேன். மோட்டார் ஒரே பாய்ச்சலாகக் கிளம்பியது. சக்கரம் வாரியடித்த சேறு முழுவதும், நெற்றி முதல் புதுப் புடவை வரை, என் ஒருத்தி மேல்தான்.

அவர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, புளியமரத்தில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். அவருக்கு இப்படிச் சிரிப்பு வரும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கோபித்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். குளத்துக்குப் போகிற வழியெல்லாம் அவர் சிரித்துக்கொண்டேதான் வந்தார், என் மாற்றுப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு.